பந்தி ரெடி என்று யாரும் சொல்லவில்லை

என் பெண் வேலை பார்த்த கேசினோவில் ஓர் அரங்கம் இருந்தது. அதில் எத்தனை நாற்காலிகள் என்று அவளிடம் கேட்டேன். "ஆயிரத்துக்கு மேலங்கப்பா" என்றாள். மேல் என்றால் எவ்வளவு மேல் என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் பகலில் என்னை உள்ளே அழைத்துப் போனபோது வரிசை வரிசையாக நடந்து எண்ணினேன். ஆயிரத்து நூற்று எண்பத்திரண்டு. அதில் நான்கு ஆடின. அதையும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே யாரிடமோ போனில் சொல்லிச் சரிபண்ண வைத்தாள்.

எண்ணுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஈரோட்டில் பஸ் போக்குவரத்துத் துறையின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை. எந்தத் தடத்தில், எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று கணக்கெடுத்து, எந்த நேரத்துக்குப் பஸ் விட்டால் கூட்டம் வரும் என்று மேலே எழுதி அனுப்புவோம். ஓய்வு பெற்ற பிறகும் கண் தானாக எண்ணிக்கொண்டே இருக்கும். மனைவி போன பிறகு அது இன்னும் அதிகமாகிவிட்டது. கூடவே கவலைப்படுவதும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் நியூ ஜெர்சிக்கு வந்ததே கவலையால்தான். பெண்ணுக்கு விவாகரத்து முடிந்திருந்தது. ஆறு வயதுக் குழந்தையோடு அட்லாண்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அப்பார்ட்மெண்டில் இருந்தாள். கேசினோவில் ரூம் புக்கிங் போன் எடுக்கிற வேலை. அந்தச் சம்பளம் வாடகைக்கும் டேகேருக்குமே பற்றாது. டெக்ஸாஸில் ஃபிரிஸ்கோவில் புதிதாக வீடு கட்டிக் குடிபோயிருந்த என் மகன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் பண்ணுவான்.

"பாப்பா, ரூம் ரெடி. அதுல கெடந்த ட்ரெட்மில்லைக்கூட மாடிக்கு ஏத்திட்டேன். இங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நல்லா இருக்கு. எப்ப வர்றே?"

"சொல்றேண்ணா" என்பாள்.

அவன் மனசாரக் கூப்பிட்டான். மருமகளும் நல்லவள். ஆனாலும் போனை வைத்ததும் என் பெண்ணின் முகம் சுருங்கும். ஒரு தடவை காரணம் கேட்டேன்.

"அண்ணி நல்லாத்தான் பார்த்துக்குவாங்க. ஆனா ஒரு டீ போடறதுக்கு, சக்கரை எங்க இருக்குன்னு தெனமும் கேட்டுட்டே இருக்கணுங்கப்பா. நானும் என் பொண்ணும் எத்தனை வருசம் அப்படிக் கேக்கறது?"



அப்படி இருக்கும்போதுதான் கேசினோவில் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பெரிய பணத்தோடு ஆட வருகிறவர்களில் இந்தியப் பெயர்கள் கூடிக்கொண்டே போவதை அவர்களுடைய மார்க்கெட்டிங் அதிகாரி கவனித்திருந்தார். டாக்டர்கள், மோட்டல் முதலாளிகள், சொந்தக் கம்பெனி நடத்துகிறவர்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் இந்திய ஹோஸ்ட் வேண்டும் என்றார். ஹோஸ்ட் என்றால் பெரிய ஆட்டக்காரர்களை உபசரிக்கும் ஆள். பிறந்த நாளுக்கு வாழ்த்துச் சொல்வது, வந்தால் ஓசியில் அறை கொடுப்பது, சாப்பாட்டுக்கு அழைத்துப் போவது, முன்வரிசை டிக்கெட் கொடுப்பது. என் பெண்ணை ஆறு மாதத்துக்குப் பரீட்சார்த்தமாகப் போட்டார்கள். சரியாக வந்தால் நிரந்தரம், இரண்டு மடங்குச் சம்பளம். வராவிட்டால் பழையபடி போன். பழையபடி போன் என்றால் ஃபிரிஸ்கோ.

எனக்குப் பிடிக்கவில்லை. சூதாட்டத்துக்கு ஆள் பிடிக்கிற வேலை என்று ஊரில் சொல்ல முடியுமா? "ஹோட்டலில் வேலை" என்றே எல்லோருக்கும் எழுதினேன். ஒரு நாள் இட்லி சாப்பிடும்போது நேராகவே கேட்டேன்.

"இது நல்ல வேலைதானா கண்ணு?"

"பஸ்ல ஏத்தறது மட்டுந்தாங்கப்பா என் வேலை. எங்க எறங்கறதுன்னு அவங்கதான் முடிவு பண்ணணும். நீங்களும் அதைத்தானே முப்பது வருசம் பண்ணீங்க?"

நான் சட்னியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

அந்த அரங்கத்தின் கணக்கும் எனக்கு விளங்கவில்லை. பெரிய பாடகர்கள், நகைச்சுவைக்காரர்கள் எல்லாம் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கொட்டிக் கொடுத்தார்கள். ஆனால் பாதி டிக்கெட்டை இலவசமாகத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். நாற்காலிகளை டிக்கெட் விலையால் பெருக்கிப் பார்த்தால் நஷ்டம்தான் வந்தது.

"டிக்கெட் விக்கறதுக்கா பாடறவங்களைக் கூட்டிட்டு வர்றாங்க?" என்று சிரித்தாள் பெண். "பெரிய ஆளு ஒருத்தர் வீட்ட விட்டுக் கெளம்பறதுக்கு ஒரு சாக்கு வேணுங்கப்பா. 'சூதாடப் போறேன்'னு பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டு எந்த டாக்டரும் கார் எடுக்க மாட்டாரு. 'கச்சேரிக்குப் போலாம் வா'ன்னு சொன்னா அந்தம்மாவே பட்டுப்புடவை எடுத்து வெச்சிரும். முன்வரிசை சீட்டு, முடிஞ்சதும் பாடகர் தோள்ல கை போட்டு ஒரு போட்டோ. அதுக்கப்புறம் அந்த சந்தோசத்துலயே மேசைக்குப் போவாங்க. அங்கதான் காசு."

ஒரு சனிக்கிழமை அவள் தயவில் ஒரு நிகழ்ச்சிக்குப் போனேன். வெள்ளி முடியோடு ஒரு வயதான அமெரிக்கப் பாடகர். முன்வரிசையில் கோட்டு போட்ட ஆண்கள் சின்னப் பையன்களைப் போலக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்கள். சரியாகத் தொண்ணூறு நிமிஷம். ஒரு பாட்டுக் கூடுதலாகக் கேட்டுக் கத்தினார்கள். அவர் கையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். கதவுகள் திறந்தன. அந்தக் கதவுகள் நேராக ஆட்ட மேசைகள் இருக்கும் தளத்தில்தான் திறக்கும். கார் நிறுத்துமிடத்துக்குப் போவதானாலும் மேசைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். தூண் ஓரமாக நின்று முதலில் வந்த நூறு பேரை எண்ணினேன். எழுபத்தொரு பேர் மேசைகளிலும் இயந்திரங்களிலும் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டை இவ்வளவு கச்சிதமாக அமைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

தமிழ்ப் பாடகி ஒருவரைக் கூட்டி வரலாம் என்பது என் பெண்ணின் யோசனை. இந்திப் பாடகர்களைப் பக்கத்துக் கேசினோக்கள் ஏற்கெனவே கொண்டு வந்திருந்தன. தமிழுக்கு யாரும் செய்யவில்லை. அவள் பட்டியலில் இருந்த தமிழ் டாக்டர்கள் எல்லாரும் இளமையில் ரேடியோவில் கேட்ட குரல் அந்த அம்மாவுடையது. அவர் அமெரிக்கச் சுற்றுப்பயணம் வருவது தெரிந்து, வரும்போது ஒன்றும், டெக்ஸாஸ், குபெர்டினோ எல்லாம் பாடிவிட்டு ஊருக்குத் திரும்பும்போது ஒன்றுமாக இரண்டு கச்சேரிக்கு ஒப்பந்தம் போட்டாள். அதிகாரி கையெழுத்துப் போட்டார். ஒல்லியான, உயரமான மனிதர். எப்போதும் பெப்பர்மின்ட் மிட்டாய் சப்பிக்கொண்டிருப்பார். "ஹால் நிறையறது எனக்கு முக்கியமில்லை. மேசை நிறையணும்" என்று அவளிடம் சொல்லி அனுப்பினாராம்.

முதல் கச்சேரி ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு. நம் ஆட்கள் குழந்தை குட்டியோடுதான் வருவார்கள், அவர்களுக்கு ஞாயிறு பகல்தான் சௌகரியம் என்று பெண் நினைத்தாள். அது முதல் தப்பு. ஆனால் பெரிய தப்பு அது இல்லை.

ஒரு நாற்காலி மிச்சமில்லாமல் நிறைந்தது. எடிசனிலிருந்தும் பிரிட்ஜ்வாட்டரிலிருந்தும் பென்சில்வேனியாவிலிருந்தும் வந்திருந்தார்கள். மல்லிகைப்பூ எங்கிருந்து கிடைத்ததோ, வாசனை அடித்தது. முன்வரிசை நடுவில் ஓர் அறுவை சிகிச்சை நிபுணர். அறுபது வயது, மனைவியை இழந்தவர், என் பெண்ணின் பட்டியலிலேயே பெரிய ஆட்டக்காரர். அவருக்காக வெளியே ஒரு மேசையைச் சிவப்புக் கயிறு கட்டித் தனியாக வைத்திருந்தார்கள். சீட்டுப் போடுகிறவர் ஐந்து மணியிலிருந்து அங்கே தயாராக நிற்பதாக ஏற்பாடு.

அந்த அம்மா பாடினார். என்ன சொல்வது? நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து எண்ண மறந்துபோனேன். முதல் ஒரு மணி நேரம் அப்படிப் போனது. பிறகு துண்டுச் சீட்டுகள் மேடைக்குப் போக ஆரம்பித்தன. யாருக்கு எந்தப் பாட்டு வேண்டுமோ எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். நம் கச்சேரிகளில் எங்கும் உள்ள வழக்கம். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து, புன்னகை செய்து, பாடினார். நாலரை ஆயிற்று. நேரம் முடிந்தது என்று காட்ட மேடைக்குக் கீழே ஒரு சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. ஐந்து ஆயிற்று. விளக்கு விடாமல் துடித்தது. அவர் அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த சீட்டைப் பிரித்தார்.

மிட்டாய் வாசனை வந்தது. அதிகாரி என் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். இதுதான் கடைசிப் பாட்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்படித்தான் நினைக்கிறேன் என்றேன். அரை மணி கழித்து மறுபடி வந்து கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். மூன்றாம் தடவை வந்தபோது கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

ஏழு இருபதுக்கு முடிந்தது. கதவுகள் திறந்தன. தோளில் தூங்கும் குழந்தைகளோடு ஜனங்கள் வெளியே வந்தார்கள். இருபத்தொரு வயதுக்குக் கீழ் யாரும் ஆட்டத் தளத்தில் நிற்கக் கூடாது என்பது சட்டம். காவலாளிகள் "நடங்க, நடங்க" என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை, ஸ்கூல், ஆபீஸ். எல்லோரும் நடந்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேரில் மேசைப் பக்கம் திரும்பினவர்கள் முப்பத்தொரு பேர். சிவப்புக் கயிறு கட்டியபடியே இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க ஆடப் போகலீங்களா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், நானா இப்படிக் கேட்கிறேன் என்று தோன்றியது.

"காலைல ஆறு மணிக்கு சர்ஜரி சார். சாயங்காலம் அஞ்சு மணிக்கே எந்திரிச்சு ஆடப் போலாம்னு பார்த்தேன். முன்வரிசைல உக்காந்துட்டு, அந்தம்மா பாடும்போது முதுகைக் காட்டிட்டுப் போறது நல்லா இருக்காதுங்களே" என்றார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "நான் எழுதிக் குடுத்த பாட்டும் கடைசீலதான் வந்துச்சு" என்றார்.

பெண் மேடையின் பக்கவாட்டில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு மணி நேரமாக அங்கேயே நின்றிருக்கிறாள்.

"நீயாவது போய்ச் சொல்லக் கூடாதா கண்ணு?"

"அவ்வளவு பெரியவங்ககிட்டப் போயி, போதும் நிறுத்துங்கன்னு எப்படிங்கப்பா சொல்றது?"

அன்றிரவே அதிகாரி அவளிடம் பேசிவிட்டார். திட்டவில்லையாம். இரண்டாவது கச்சேரிக்கும் பணம் கொடுத்தாயிற்று, அதனால் அது நடக்கட்டும். மூன்று வாரம் கழித்து வரும் அந்தச் சனிக்கிழமையும் இப்படியே போனால் போன் வேலைக்குத் திரும்பிவிடு என்றாராம். வீட்டுக்கு வந்து அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை. நான் எடுத்து, அவள் தூங்குகிறாள் என்று மகனிடம் சொன்னேன்.

மறுநாள் காலை அந்த அம்மா பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போக ஆசைப்பட்டார். கேசினோ ஒரு நீளக் காரும் டிரைவரும் கொடுத்தது. பெண்ணுக்கு வேலை இருந்ததால் துணைக்கு என்னை அனுப்பினாள். உள்ளே எட்டுப் பேர் உட்காரலாம்; நாங்கள் இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அவர் கழுத்தில் மஃப்ளர் சுற்றி, ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்தார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியாமல், டோல் கேட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சார்" என்றார் கரகரத்த குரலில். "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே. நேத்து ஏன் யாருமே வரல?"

"ஹால் நிறைஞ்சிருந்ததேம்மா."

"அதில்ல. போதும்னு சொல்ல ஏன் யாரும் வரல? தொண்டை கிழிஞ்சுபோச்சு எனக்கு."

நான் விழித்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார்.

"கல்யாண ரிசப்ஷன்ல பாடினா, பொண்ணு வீட்டுக்காரங்க யாராவது மேடைப் பக்கத்துல வந்து 'பந்தி ரெடி'ம்பாங்க. உடனே ஒரு மங்களம் பாடி முடிச்சுடுவேன். சபாவுல செக்ரட்டரி சால்வையோட படியேறினா முடிச்சுடுவேன். கூப்பிட்டவங்க வந்து சொல்லாம நானா எழுந்து போனா, அது அவங்களை அவமானப்படுத்தற மாதிரி. உங்க பொண்ணு அங்கயே நிக்கறா. நான் திரும்பித் திரும்பிப் பார்க்கறேன். அவ என்னடான்னா சிரிச்சுட்டுத் தண்ணி குடுக்கறா. சரி, இன்னும் பாடச் சொல்றான்னு நினைச்சேன்."

"ஒப்பந்தத்துல தொண்ணூறு நிமிஷம்னு இருந்ததேம்மா."

"குறைஞ்சது தொண்ணூறுன்னு எங்க மேனேஜர் சொன்னான்."

"சிவப்பு விளக்கு எரிஞ்சுதே?"

"அது விளக்கு அலங்காரம்னு நினைச்சேன் சார். அழகா இருந்துது."

நான் சிரித்திருக்கக் கூடாது. அடக்க முடியவில்லை. டாக்டர் சொன்னதையும் என் பெண் சொன்னதையும் அவரிடம் சொன்னேன். ஜனங்கள் அவர் முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள், அவர் இவள் சொல்லட்டும் என்று பாடிக்கொண்டிருந்தார், இவள் பெரியவரிடம் எப்படிச் சொல்வதென்று நின்றிருந்தாள். நாலேகால் மணி நேரம் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு ஆயிரத்துச் சொச்சம் பேர் அசையாமல் இருந்திருக்கிறோம். அவரும் சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்து, மறுபடி வெந்நீர் குடித்தார்.

பிறகு, சீக்கிரம் முடித்தால் அவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்டார். மறைக்க எனக்குத் தெரியாது. கச்சேரி முடிந்து ஜனங்கள் வெளியே வந்து ஆட வேண்டும், அதற்காகத்தான் அவரை அழைத்தது, ஆடவில்லையென்றால் என் பெண்ணுக்கு வேலை போய்விடும், குழந்தையோடு அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இவர் கோபித்துக்கொண்டு இரண்டாவது கச்சேரிக்கு வராமல் போனால் என் வாயால்தான் எல்லாம் கெட்டது என்றாகிவிடும்.

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த டோல் கேட் தாண்டிற்று.

"அப்ப அவங்க ஆடறதுக்காக நான் பாடறேன்" என்றார். "கல்யாணத்துல மட்டும் என்னவாம்? எலை போடற வரைக்கும் கூட்டம் கலையாம இருக்கணும்னுதானே என்னைக் கூப்பிடறாங்க. பாதிப் பேரு காதுல வாங்கறதே இல்லை. நேத்து வந்தவங்களாவது முழுசாக் கேட்டாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "உங்க பொண்ணை வந்து சொல்லச் சொல்லுங்க சார். தயங்க வேண்டாம். ஆனா வெறுங்கையோட வரக்கூடாது. ஒரு சால்வையாவது இருக்கணும்" என்றார்.

கோயிலில் அவர் வேண்டிக்கொண்டது என்னவோ தெரியாது. நான் வேண்டிக்கொண்டதைப் பெருமாளிடம் கேட்கலாமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஜனங்கள் சூதாட வேண்டும் என்று எப்படிக் கேட்பது? பெண் அவள் சொந்த வீட்டில் டீ போட வேண்டும் என்று மாற்றிக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பெண் முதலில் சிரித்தாள். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "நான் தண்ணி குடுக்கக் குடுக்க அவங்க பாடியிருக்காங்க!" என்றாள். அப்புறம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள்.

இரண்டாவது கச்சேரி சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு. பாட்டுச் சீட்டுகளை முன்கூட்டியே அழைப்போடு அனுப்பி வாங்கிக்கொண்டாள். டாக்டரின் பாட்டை முதலிலேயே பாடுவதாக அந்த அம்மா குபெர்டினோவிலிருந்து போனில் சொன்னார். குழந்தைகளுக்கென்று பக்கத்தில் ஒரு தனிக் கூடம். பீட்சா, தயிர்சாதம், கார்ட்டூன். பார்த்துக்கொள்ள இரண்டு ஆண்ட்டிகளைப் போட்டாள். வாசலில் யார் எந்தக் குழந்தையை விட்டார்கள், யார் எடுத்துப் போகிறார்கள் என்று கணக்கு வைக்க ஓர் ஆள் வேண்டும் என்றாள். அதற்கு அவள் வேறு யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை.

அதனால் இரண்டாவது கச்சேரியை நான் பார்க்கவில்லை. கூடத்தின் வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தேழு குழந்தைகள். ஒவ்வொன்றுக்கும் சட்டையில் ஓர் எண் குத்தினேன். என் பேத்தி ஒன்றாம் நம்பர்தான் வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். சுவருக்கு அப்பாலிருந்து தபேலாவும் கைத்தட்டலும் மங்கலாகக் கேட்டன. எட்டரை மணி நெருங்க நெருங்கக் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் போய்ச் சொல்வாளா? சொல்லும்போது குரல் எழும்புமா? அந்த அம்மா மறந்துபோய் இன்னொரு பாட்டை எடுத்துவிட்டால்?

எட்டரைக்கு ஒரு பாட்டு முடிந்தது. கைத்தட்டல். அடுத்த பாட்டு ஆரம்பிக்கவில்லை. சிறிய அமைதிக்குப் பிறகு மங்களத்தின் மெட்டு கேட்டது. பிறகு நாற்காலிகள் மடங்கும் சத்தம், ஆயிரத்து நூற்று எண்பத்திரண்டும்.

இனிமேல்தான் விஷயம். குழந்தைகளை அழைத்துப் போக எல்லாரும் நேராக இங்கே வந்தால் தோற்றோம். நடையில் காலடிச் சத்தம் கேட்டது. ஓர் அம்மா வந்து இரட்டைக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போனாள். அப்புறம் ஓர் அப்பா. அப்புறம் ஒரு குடும்பம், மூன்று குழந்தைகள். ஆக ஆறு. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. யாரும் வரவில்லை.

பேத்தி வந்து என் முழங்காலில் சாய்ந்தாள். அம்மாவின் அப்பா என்பதால் என்னை அப்புச்சி என்று கூப்பிடுவாள், மற்றதெல்லாம் ஆங்கிலம்தான்.

"அப்புச்சி, வொய் ஆர் யூ ஸ்மைலிங்? நோபடி இஸ் கமிங்."

"ஆமாங்கண்ணு. யாரும் வர்லே."

மிட்டாய் வாசனை வந்தது. அதிகாரி வாசலில் நின்றார். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டார். நாற்பத்தேழு பேர் வந்தார்கள், நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள் என்றேன். அவர் என் வார்த்தையை நம்பாமல் விரலை நீட்டித் தானே ஒரு தடவை எண்ணினார். நான் செய்வதைப் போலவே உதட்டை அசைத்து எண்ணினார். பிறகு பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

பத்து மணி வாக்கில் பதினேழாம் நம்பர் குழந்தை அம்மாவைக் கேட்டு அழுதது. அந்தச் சிரிப்பு என் முகத்திலிருந்து போய்விட்டது. ஆண்ட்டியிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு அம்மாவைத் தேடி ஆட்டத் தளத்துக்குப் போனேன். மேசைகளெல்லாம் நிறைந்திருந்தன. பட்டுப்புடவைகள் இயந்திரங்களின் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தன. குழந்தையின் தாயைக் கண்டுபிடித்து அனுப்பினேன். திரும்பும்போது சிவப்புக் கயிறு கட்டிய மேசையில் டாக்டரைப் பார்த்தேன். முன்னால் பந்தயச் சில்லுகள் குவிந்திருந்தனவா குறைந்திருந்தனவா என்று எனக்குத் தெரியவில்லை. முகம் மட்டும் களைத்திருந்தது. என்ன இருந்தாலும் இதற்காகவா வேண்டிக்கொண்டேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அப்போது என் பெண் அந்த மேசைக்குப் போனாள். அவர் காதருகே குனிந்தாள்.

"அங்கிள், பந்தி ரெடி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குள்ளயாம்மா?"

"பத்து மணி ஆச்சுங்க அங்கிள். மசால் தோசை ஆறிப்போயிரும். பாடின அம்மாவும் உங்களுக்காகச் சாப்பிடாம உக்காந்திருக்காங்க."

டாக்டர் சில்லுகளை ஒதுக்கிவிட்டு எழுந்தார். எழும்போது என்னைப் பார்த்து, "உங்க பொண்ணு கூப்பிட்டா தட்ட முடியறதில்லைங்க சார்" என்றார். ஆட்டக்காரரைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போவது ஹோஸ்டின் வேலைதான்; யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அன்று இரவு அவள் அப்படி எத்தனை மேசைக்குப் போனாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஐந்து. யார் முகம் களைத்திருந்ததோ அவர்களிடம் மட்டும் போனாள்.

திங்கட்கிழமை அவளை நிரந்தரமாக்கிக் கடிதம் கொடுத்தார்கள். தீபாவளிக்கு மறுபடி ஒரு கச்சேரி வைக்கச் சொல்லி அதிகாரி கேட்டாராம். "அந்தப் பெரியவரையும் கூட்டிட்டு வா" என்று என்னையும் சேர்த்துச் சொன்னாராம். அதன் பிறகு ஊருக்கு எழுதும் கடிதங்களில் "கேசினோ" என்றே எழுதினேன். என்ன நினைத்தார்களோ, பதில் எழுதினவர்கள் எல்லாரும் யார் பாட வந்தார்கள் என்றுதான் கேட்டிருந்தார்கள்.

வேலை நிரந்தரமான அந்த வார ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது பெண் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். சர்க்கரை டப்பாவை ஒரு கையால் திறந்தபடியே தோளில் போனை இடுக்கிக்கொண்டாள்.

"அண்ணா, அந்த ரூம்ல ட்ரெட்மில்லையே வெச்சுக்கோ."

அந்தப் பக்கம் அவன் சிரிப்பது எனக்கே கேட்டது.

"அதை மாடிக்கு ஏத்தறதுக்கே மூணு பேரு ஆச்சு பாப்பா. மறுபடி எறக்கணுமா?"

அது எத்தனை கிலோ என்று கேட்கச் சொன்னேன்.